கொழும்பில் ஞாயிற்றுக்கிழமை: புதிதாக வந்த கிறிஸ்தவருக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ கொழும்புக்கு வந்து சேரும் நம்மூர்க் கிறிஸ்தவர்கள் முதலில் கேட்பது, "இங்க தமிழ்ப் பூசை எங்க நடக்குது?" மன்னாரிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்த காலத்தில் நானும் இதைத்தான் கேட்டேன். இப்போது இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. மனைவி மட்டக்களப்பு மெதடிஸ்த குடும்பத்தவள். அதனால் இரண்டு பக்கத்துப் பழக்கமும் கொஞ்சம் தெரியும்.

அந்தக் கேள்வியில் பிழையில்லை, ஆனால் அது பாதிக் கேள்விதான். ஊரில் பக்கத்து வாங்கில் இருப்பவர் மாமாவோ மச்சானோ. இங்கே அவர் சிங்களவராக இருக்கலாம், பறங்கியராக இருக்கலாம், மலையகத்தவராகவும் இருக்கலாம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் கிறிஸ்தவர்கள் 7.6 சதவீதம். தொகை சிறியது. ஆனாலும் சிங்களவரும் தமிழரும் பெருந்தொகையாகச் சேர்ந்திருக்கும் மதம் இலங்கையில் இது ஒன்றுதான். அப்படிப்பட்ட இடத்தில் எப்படி நின்று செபிப்பது என்பதுதான் மற்றப் பாதி. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஓட்டோக்காரரிடம் சொல்ல ஒரு சொல்

வந்த முதல் கிழமையே நான் ஓட்டோவில் ஏறி, தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "கோவில" என்றேன். மன்னாரில் கத்தோலிக்கருக்குக் கோயில் என்றால் மாதா கோயில்தான். சாரதி நல்ல மனுசன், ஒரு முருகன் கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்கினார். பூசை நேரம் சரிதான், பூசைதான் வேறு.

சிங்களத்தில் "கோவில" என்றால் சைவக் கோயில். சரி, "தேவாலயம்" என்று சொன்னால்? அதுவும் சரிவராது. "தேவாலய" என்பது அவர்களுக்குக் கதிர்காமக் கடவுள், விஷ்ணு, பத்தினி போன்ற தெய்வங்களின் சந்நிதி. நமக்கு வேண்டிய சொல் "பல்லிய". தமிழில் பள்ளி என்றால் முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஞாபகம் வரும், சிங்களத்தில் சேர்ச்சும் பல்லியதான், மசூதியும் பல்லியதான். ஆகவே சொல்லை மட்டும் சொல்லாமல் ஊரையோ புனிதரையோ சேர்த்துச் சொல்லுங்கள்: "கொச்சிக்கடே பல்லிய". புனிதர் என்பதற்கு அவர்கள் "சாந்த" என்பார்கள். இவ்வளவு தெரிந்தால் ஊர் சுற்றாமல் போய்ச் சேரலாம்.

எங்கே போவது

கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயம் இருக்கிறது. கொழும்பு உயர் மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் அதுதான். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார். காலி வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த ஆலயங்கள் எல்லாம் உண்டு. 100 ஆம் இலக்க பஸ் பிடித்தால் போதும். அங்கிலிக்கன்காரர்களின் பேராலயம் கொழும்பு 7 இல், பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது. பழைய இலங்கைக் கட்டடக் கலையை மனதில் வைத்துக் கட்டியது. ஐரோப்பியக் கோபுரத்தைத் தேடிப் போனால் வாசலைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

நேரத்தை இணையத்தில் பார்த்து நம்பிப் போகாதீர்கள். வாசலில் உள்ள பலகையைப் படம் எடுத்து வையுங்கள், அல்லது பங்கு அலுவலகத்துக்கு ஒரு கோல் எடுங்கள். ஒரே கோயிலில் காலையில் சிங்களம், பிறகு ஆங்கிலம், பிறகு தமிழ் என்று மாறி மாறி வரும். பெருநாள் கிழமைகளில் அந்த ஒழுங்கும் மாறும்.

இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. புதிதாக வருபவர்கள், அதிலும் இளம் பிள்ளைகள், "எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்" என்று ஆங்கிலப் பூசைக்குப் போய்விடுகிறார்கள். போகலாம், குற்றமில்லை. ஆனால் ஆங்கிலத்தைப் பொது மொழி என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் சிங்கள அம்மாவுக்கும் அது வேற்று மொழிதான், உங்களுக்கும்தான். இரண்டு பேரும் கடன் வாங்கிய வார்த்தையில் கடவுளோடு பேசிவிட்டு, ஒருவரை ஒருவர் அறியாமலே வீட்டுக்குப் போகிறீர்கள். நான் சொல்லும் வழி இது: முதல் இரண்டு மாதம் தமிழ்ப் பூசைக்குப் போய்க் காலை ஊன்றுங்கள். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது சிங்கள வழிபாட்டுக்கோ மும்மொழி வழிபாட்டுக்கோ போங்கள். சில சபைகளில் ஐந்தாவது ஞாயிறு வரும் மாதத்தில் எல்லா மொழிக்காரரும் சேர்ந்து ஒரே ஆராதனையாக வைப்பார்கள். அதை விடாதீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்கு

கொழும்பு எப்படிச் செபிக்கிறது என்று ஒரே நாளில் பார்க்க ஆசையா? செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போங்கள். அன்று முழுவதும் மொழி மாறி மாறி நவநாள் நடந்துகொண்டே இருக்கும். பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், முகம் சுளிக்காமல் காட்டுங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்த கோயில் அது. அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் வெடித்தது. செத்தவர்களில் சிங்களவரும் இருந்தார்கள், தமிழரும் இருந்தார்கள். கொச்சிக்கடைக் கோயிலைத் திருத்தி, ஜூன் 13 திருநாளுக்கு முதல் நாள் மீண்டும் திறந்தார்கள். சிங்களவர் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது "பாஸ்கு" என்ற சொல் வரும். உயிர்த்த ஞாயிற்றுக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது.

உள்ளே போனால் சிலைக்கு முன்னால் உள்ள கண்ணாடியைத் தொட்டு, தொட்ட கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஒரு வரிசை நகரும். அந்த வரிசையில் திருநீறு பூசியவரும் வருவார், வெள்ளைச் சட்டையோடு பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போய்விட்டு வந்தவரும் வருவார். ஊரில் வேறு மாதிரிப் பழகியவர்கள், அதிலும் புரட்டஸ்தாந்து சபைகளில் வளர்ந்தவர்கள், இதைப் பார்த்து ஒரு கணம் தடுமாறுவார்கள். என் மனைவி தடுமாறினாள். "இதெல்லாம் என்ன வழிபாடு?" என்று காதுக்குள் கேட்டாள். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கேட்டால், கும்பிட வந்தவரின் கணக்கை நாம் பார்க்க வேண்டாம் என்று சொல்வேன். மெழுகுதிரி ஏற்றுங்கள், அல்லது சும்மா ஒரு மூலையில் இருங்கள். ஏன் ஏற்றவில்லை என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை.

உங்கள் மொழியிலேயே, சத்தமாக

இதுதான் முக்கியமான படி, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சிங்கள வழிபாட்டில் நிற்கும் தமிழர் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம். நம் தலைமுறைக்கு அதோடு சேர்த்து ஒரு பழைய பயமும் உண்டு. பொட்டை அழித்துவிட்டு பஸ் ஏறிய பெண்கள் இருந்த ஊர் இது. பொது இடத்தில் தமிழ் வாயில் வந்துவிடக் கூடாது என்று பழகிப்போனோம். கோயிலுக்குள்ளும் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது.

கர்த்தர் கற்பித்த செபம் வரும்போது நீங்கள் உங்கள் தமிழில், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். கத்தோலிக்கர் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்போம், மற்றவர்கள் "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" என்பார்கள். நமக்குள்ளேயே ஒற்றுமை அவ்வளவுதான்! சிங்களத்தில் அது "பியாணெனி" என்று கேட்கும், தந்தையே என்று பொருள். எல்லா மொழியிலும் செபத்தின் நீளம் ஏறக்குறைய ஒன்று. முடியும்போது "ஆமென்" ஒரே நேரத்தில் விழாவிட்டாலும் கிட்டத்தட்ட விழும்.

எனக்கு இது ஒரு ஒக்டோபர் மாதத்தில்தான் பிடிபட்டது. அது செபமாலை மாதம், வீடு வீடாகப் போய்ச் சொல்வோம். எங்கள் மாடிக் குடியிருப்பில் மூன்று தமிழ் வீடு, இரண்டு சிங்கள வீடு. முதல் நாள் யார் எந்த மொழியில் சொல்வது என்று ஒரு குழப்பம். கீழ்வீட்டு நந்தா அக்கா ஒரு வழி சொன்னார்: மங்கள வார்த்தையின் முதற் பாதியை அவர்கள் சிங்களத்தில் சொல்வது, பின்பாதியை நாங்கள் தமிழில் முடிப்பது, செபமாலையின் அடுத்த பத்து மணிகளுக்கு மாற்றிச் சொல்வது. அவர் தொடங்கினார்: "ப்ரசாதயென் பூர்ண வூ மரியாவெனி…"

நான் பதில் சொல்ல மறந்துபோனேன். என் அம்மம்மா சாகும்வரை சொன்னது பழைய தமிழ் மந்திரம்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க." அருள் நிறைந்த மரியே என்று நாங்கள் படித்த பிறகும் அவர் மாற்றவில்லை. பூரண மரியே, பூர்ண மரியாவெனி. அந்த நாளில்தான் சிங்களச் செபத்தை வெறும் சத்தமாகக் கேட்காமல் சொல்லாகக் கேட்கத் தொடங்கினேன். ப்ரசாதய என்றால் அருள். பூஜாவ என்றால் பூசை. ஆத்மய என்றால் ஆன்மா. பாதிச் சொல் நம் பாட்டிமாரின் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. நத்தாரைப் பாருங்கள்: நாம் நத்தார், அவர்கள் நத்தல். இரண்டும் கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் "நத்தால்" என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தவை.

ஒரு நாற்பது சொல் எழுதி வைத்துக்கொண்டால் போதும், சிங்களப் பூசையில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று தெரியும். அவர்களையும் நம்முடைய சொல் நாலு சொல்ல வையுங்கள். நந்தா அக்கா இப்போது "இறைவனின் தாயே" வரைக்கும் பிழையில்லாமல் வருவார், அதற்குப் பிறகு முணுமுணுப்பு.

பாட்டு

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த பாமாலைகளுக்கு மெட்டு ஒன்றுதான். அவரவர் மொழியில் பாடினால் ஒன்றாக வந்து சேரும். நம்முடைய கீர்த்தனை அப்படி அல்ல. அதன் தாளம் சிங்களச் சொற்களுக்குள் அடங்காது. அவர்கள் தவக்காலத்தில் பாடும் "பசன்" என்ற ஒப்பாரி நம் வாயில் நிற்காது. அவற்றைப் பாட முயலாமல் கேட்டுக்கொண்டிருங்கள். கேட்கும்போது இதையும் நினையுங்கள்: கோவாவிலிருந்து 1705 இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள்தான் தமிழில் வியாகுலப் பிரசங்கமும் எழுதினார், சிங்களத்தில் பாடுகளின் பிரசங்கங்களும் எழுதினார். மன்னாரில் பெரிய வெள்ளிக்கு நாம் அழுவதும் அவர்கள் அழுவதும் ஒரே பேனாவிலிருந்து வந்த அழுகை. அவருக்கு முன்னோடி புனித ஜோசப் வாஸ். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687 இல் மாறுவேடத்தில் வந்து, இரண்டு மொழியையும் படித்து ஊர் ஊராக நடந்தவர். 2015 ஜனவரி 14 ஆம் திகதி காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று மத்தியானமே மடுவுக்கும் போனார்.

புத்தகம்

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலேயே வேதாகமச் சங்கம் இருக்கிறது. 1812 இல் தொடங்கிய சங்கம். மூன்று மொழியிலும் வேதாகமம் வாங்கலாம். கத்தோலிக்கர் என்றால் 73 நூல்கள் உள்ள பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள், மற்றச் சபைகளில் 66. சிங்கள வேதாகமம் ஒன்றும் மலிவாக வாங்கி வைத்தால் நல்லது. வாசிக்கத் தெரியாவிட்டாலும் அதிகாரமும் வசனமும் இலக்கம்தானே, பக்கத்தில் இருப்பவருக்கு இடத்தைக் காட்டலாம். வேதத்தைத் தமிழாக்கிய கதையிலும் இந்தக் கலப்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் மொழிபெயர்த்தபோது கூட உட்கார்ந்து திருத்தியவர் சைவத்துக்காக வாழ்ந்த ஆறுமுக நாவலர்.

சின்னச் சின்ன நடைமுறைகள்

செருப்பு: வடக்கில் பல கோயில்களில் கழற்றிவிட்டுப் போவோம். கொழும்பில் பெரும்பாலும் கழற்றுவதில்லை. வாசலைப் பாருங்கள், அங்கே குவிந்திருந்தால் நீங்களும் கழற்றுங்கள்.

பொட்டும் பூவும்: வைத்துக்கொண்டு போங்கள். ஒருவராவது திரும்பிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

சமாதானம் சொல்லும் நேரம்: கை குலுக்க ஓடாதீர்கள். கைகூப்பித் தலை சாய்ப்பதே வழக்கம். "சமாதானம்" என்று தமிழில் சொன்னால் அவர்களுக்கும் விளங்கும், சிங்களத்தில் "சமாதானய" உண்டு.

நற்கருணை: கத்தோலிக்கக் கோயிலில் கத்தோலிக்கர் அல்லாதவர் வாங்குவதில்லை. எழும்பாமல் இருந்த இடத்தில் இருந்து செபிக்கலாம். அங்கிலிக்கன், மெதடிஸ்த ஆலயங்களில் திருவிருந்துக்கு முன் யார் வரலாம் என்று குருவானவரே சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் ஆராதனைக்கு முன் கேட்டுவிடுங்கள். கேட்டால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்.

பெயர்: பெர்னாண்டோ என்றதும் சிங்களவர் என்று முடிவுகட்ட வேண்டாம். தமிழ்ப் பரதர் குடும்பங்களிலும் பெர்னாண்டோ உண்டு. நீர்கொழும்புக் கரையோரத்தில் வீட்டில் தமிழ் பேசி, கோயிலில் சிங்களத்தில் செபிக்கும் மீனவர்களும் உண்டு. "நீங்க தமிழா சிங்களமா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்காதீர்கள். "எந்தப் பூசைக்கு வருவீங்க?" என்று கேளுங்கள்.

கூப்பிடும் முறை: அக்கா இரண்டு மொழியிலும் அக்காதான், அம்மாவும் அப்படியே. "ஐயா" மட்டும் கவனம். நாம் மரியாதைக்குச் சொல்லும் ஐயா அவர்கள் காதில் "அய்யா", அண்ணன். எழுபது வயதுப் பெரியவரை நான் அப்படிக் கூப்பிட, அவர் இளமை திரும்பியதுபோல் சிரித்தார். குருவானவரை "பாதர்" என்றால் எல்லோருக்கும் பொது.

மன்றாட்டு: இங்கேதான் கவனம்

பொதுவான மன்றாட்டுக்களை எழுதித் தரும்படி உங்களிடம் கேட்டால், அதுவும் மே மாதம் என்றால், ஒரு தடவை யோசியுங்கள். அந்த மாதத்தின் நடுவில் நம் வீடுகளில் முள்ளிவாய்க்காலை நினைத்து விளக்கு ஏற்றுவோம். அதே வாங்கில் இருக்கும் ஒரு சிங்களத் தாய், படையில் போய்த் திரும்பாத மகனை நினைத்துக்கொண்டிருப்பார். "போரில் இறந்த அனைவருக்காகவும்" என்று ஒரே வரியில் எழுதிவிடுவது சுலபம். பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த "அனைவரும்" சில சமயம் ஒருவரையும் குறிப்பிடாமல் தப்பிக்கிற வழியாகிவிடுகிறது. ஒரு தடவை நான் எழுதிய "காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மாருக்காக" என்ற வரி, பீடத்துக்குப் போய்ச் சேரமுன் வெட்டப்பட்டது. "சண்டை வரும்" என்றார்கள். அடுத்த வருடம் அதே வரியோடு, வீடு திரும்பாத சிப்பாயின் தாயையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். வாசித்தார்கள். சண்டை ஒன்றும் வரவில்லை. பூசை முடிந்து ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒன்றும் பேசவில்லை.

ஆகவே: பெயரோடு, உறவோடு எழுதுங்கள். இரண்டு பக்கத்து இழப்பையும் எழுதுங்கள், ஆனால் நம் இழப்பை விழுங்காதீர்கள். சிங்களவர் பக்கத்திலிருந்து அதைக் கேட்கத் தயாரான குரல்கள் முன்பும் இருந்தன. 1983 ஜூலைக்குப் பிறகு, தமிழரிடம் சிங்களவர் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தன் மக்களுக்கு வெளிப்படையாகச் சொன்னவர் அன்றைய குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்ஹ. அந்த வருட ஒக்டோபரில் அவர் காலமானார்.

பதிவு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வரும்போது திருமுழுக்குச் சான்றிதழின் பிரதியும் பங்குத்தந்தையின் கடிதமும் கொண்டுவாருங்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் அங்கத்துவ மாற்றுக் கடிதம் கேட்பார்கள். கல்யாணத்துக்கும் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் அலையாமல் இருக்கலாம். பதிந்த உடனே உங்கள் ஒழுங்கையின் அன்பியம் (அயல் வீட்டார் சேர்ந்து செபிக்கும் குழு) எது என்று கேட்டு, வட்ஸ்அப் குழுவில் சேருங்கள். செய்தி சிங்களத்தில் வந்தால் வெட்கப்படாமல் "தமிழில் சொல்லுங்க" என்று போடுங்கள்.

வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால்

மும்மொழிப் பூசையில் தமிழ் வாசகத்துக்கு ஆள் குறைவு. புது முகத்தைக் கண்டால் உடனே பிடித்துவிடுவார்கள். மறுக்காதீர்கள். வீட்டில் இரண்டு தரம் உரக்க வாசித்துப் பாருங்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆபிரகாம், எருசலேம், பவுல் என்ற பெயர்களைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் தொடர்கிறார்கள். அந்தப் பெயர்களை விழுங்காமல் சொல்லுங்கள். மைக் முந்தி வாசித்தவரின் உயரத்தில் இருக்கும், தொடங்கமுன் சரிசெய்யுங்கள். "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடித்ததும் உடனே திரும்பி நடக்காதீர்கள். "இறைவா உமக்கு நன்றி" முன்வரிசையிலிருந்து முதலில் வரும், பிறகு சிங்களம், தூணுக்குப் பின்னால் இருந்து ஒன்றிரண்டு ஆங்கிலக் குரல். கடைசிக் குரலும் அடங்கும்வரை புத்தகத்தை மூடாமல் நில்லுங்கள்.